ஏழு புள்ளி வெள்ளை

திங்கட்கிழமை, முற்பகல்

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் நலம். நீயும் தம்பியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று இவர் கேட்டார். போனில் உன் குரலைக் கேட்டால் முதல் நிமிடத்திலேயே நான் கத்திவிடுவேன், நீயும் வழக்கம்போல "சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுவாய். நீங்கள் போனதிலிருந்து எட்டு மாதமாக அப்படித்தானே நடக்கிறது? பேனா என்றால் கொஞ்சம் நிதானம் வரும். கத்துவதாக இருந்தாலும் எழுத்துக் கூட்டித்தான் கத்த வேண்டும்.

நீ தபாலில் அனுப்பிய புது டயல் படம் வந்து சேர்ந்தது. எண்களே இல்லாமல் பன்னிரண்டு கோடு, ஆறு மணிக்கு மேலே ஒரு சின்ன இலை. இவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு பார்த்துவிட்டு, "முள்ளு போறப்பக்கூட இலை மறையாது, நல்லா யோசிச்சிருக்கா" என்றார். எனக்கும் பிடித்திருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் உன் தாளின் ஓரத்தில் எப்போது பார்த்தாலும் மைப்புள்ளிகள் இருக்கும். பேனாவைச் சோதிக்க வேறு தாளா கிடைக்கவில்லை என்று எனக்கு எரிச்சல் வரும். இந்த முறை ஓரம் சுத்தமாக இருந்தது. போன இடத்தில் நல்ல பழக்கம் ஒன்றாவது வந்திருக்கிறதே, சந்தோஷம்.

பட்டறைக்கு மேல்வீட்டில் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார். காலையில் நாம் கதவைத் திறக்கும் நேரம் பார்த்துக் கயிறு தாண்டுகிறார். ஒவ்வொரு குதிக்கும் நம் கூரையிலிருந்து தூசி இறங்குகிறது. தூசி என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டயலில் பூசிய ஈர எனாமல் பொடியில் ஒரு துகள் விழுந்தால் போதும், எண்ணூறு டிகிரியில் வெந்து டயலின் நடுவில் மச்சமாக உட்கார்ந்துவிடும். போன வாரம் இரண்டு டயல் அப்படிப் போயின. நம் தகட்டுக்காரர் கையில் செம்புத் தகட்டோடு மேலே போய், "நீங்க குதிக்கிற குதியில எங்க பொழப்பு உதிருதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது அந்த மனிதர் மொட்டைமாடிக்குப் போய்த் தாண்டுகிறார். நல்ல மாதிரிதான், பார்த்தால் தலையசைக்கிறார்.

வீட்டில் எனக்குப் பெரிய தலைவலி துணிதான். வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாக இருப்பதில்லை. இவருடைய சட்டைகளெல்லாம் பழுப்பேறிவிட்டன. மூன்று சோப்பு மாற்றிவிட்டேன். கடைக்காரரிடம் கலப்படம் விற்கிறீர்களா என்று சண்டையும் போட்டாயிற்று. தண்ணீர்தான் கெட்டுவிட்டது என்று இப்போது முடிவுக்கு வந்திருக்கிறேன். அலசும்போது சொட்டு நீலத்தை இரண்டு மூடி கூடுதலாக விட்டால்தான் கொஞ்சமாவது வெள்ளையாகத் தெரிகிறது. இவர் எதுவும் பேசாமல் எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

இரட்டைக் கடிகாரம் வாங்கிய வாத்தியாரையும் டீச்சரம்மாவையும் நினைவிருக்கிறதா? இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள் என்று ஒரே மாதிரி இரண்டு செய்துகொடுத்தோமே, ஒன்பது வருடம் இருக்கும். வாத்தியார் தன்னுடையதைக் குளியலறையில் கீழே போட்டுவிட்டார். செம்பின் மேல் உருக்கிய கண்ணாடிதானே எனாமல், விரிசல் விட்டுவிட்டது. ஐந்து மாதத்துக்கு முன்னால் புது டயல் சுட்டுப் பொருத்தி அனுப்பினோம். இப்போது டீச்சரம்மா இரண்டு கடிகாரத்தையும் ஒரே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு சீட்டு. இரண்டும் ஒரே வெள்ளையாக இல்லை, இதில் எது உங்கள் வெள்ளை என்று சொன்னால் நல்லது என்று முத்துமுத்தாக எழுதியிருக்கிறார்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாத்தியாருடைய புது டயல் பளிச்சென்று சரியாக இருக்கிறது. டீச்சரம்மாவுடையது பழுத்துவிட்டது. இதைச் சொன்னால் இவர் தலையைச் சொறிகிறார். "எனாமல் பழுக்காது, நூறு வருஷமானாலும் நிறம் மாறாதுன்னு நாமதானே அட்டையில அச்சடிச்சுக் குடுக்கறோம்" என்கிறார். எனாமல் பழுக்காது என்று எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக அந்த அடுப்பின் முன்னால் நிற்கிறேன். ஆனால் கண்ணெதிரே பழுத்துக் கிடக்கிறதே, அதை என்ன செய்ய? பெட்டியை மேசை மேல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அந்த விஷயத்தை எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பேனா அங்கேயே போகிறது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் நாம். பதினோரு வருடம் ஒரே பட்டறையில் நீ வரைந்தாய், நான் சுட்டேன், இவர் முள்ளும் இயந்திரமும் பொருத்தினார். நமக்குள் ஒரு நாள் கூடப் பெரிய பேச்சு வந்ததில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படி இருந்தும் நீ என் ஜாடியில் கை வைத்தாய். பால் பொடி, சங்குப் பொடி இரண்டும் வெள்ளை எனாமல்தான் என்றாலும் பால் மஞ்சள் பக்கம், சங்கு நீலப் பக்கம், இரண்டையும் கலந்தால்தான் நம் வெள்ளை. பொடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருவதால் இதற்கு எழுதிவைத்த அளவு கிடையாது. என் கண்தான் அளவு. அடுப்பில் ஏற்றுகிற ஒவ்வொரு ஈட்டு டயல்களோடும் அதே கலவையில் ஒரு சாட்சி வில்லை சேர்த்துச் சுட்டு, பின்னால் தேதி கீறி டிராயரில் போடுகிறேன் என்றாலும், அதை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது என்று உனக்கே தெரியும். சந்தேகம் இருப்பவர்கள்தான் சாட்சியைக் கூப்பிட வேண்டும். நான் கலந்து மூடிவைத்த ஜாடியைத் திறந்து, கரண்டியால் நீ பால் பொடியைப் போட்டுக்கொண்டு நின்றாய். ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் யாராக இருந்தாலும் பேசியிருப்பார்கள். இரண்டு வாரத்தில் தம்பிக்கு மாற்றல் வந்தது. முன்பு இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னவர் இந்த முறை சரி என்றார். எனக்கு அதற்காகக் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்தால் இவ்வளவு நீளக் கடிதம் எழுதுவேனா?

கடைசியாக ஒரு சின்னச் செய்தி. போன ஈட்டு வில்லையில் ஆறு என்று கீறுவதற்குப் பதில் எட்டு என்று கீறிவிட்டேன். இவர் அதைப் பிடித்துக்கொண்டு கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு கண்ணிலும் புரையாம். வருகிற வியாழக்கிழமை வலது கண்ணுக்கு ஆபரேஷன், அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். இடது கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், வருவதற்காக அல்ல. குழந்தையை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கு அலைச்சல்? அவளுக்குப் பெரியம்மாவின் முத்தம். பல் விழுந்ததா என்று எழுது.

இப்படிக்கு,
பெரியவள்


செவ்வாய்க்கிழமை, பிற்பகல்

அன்புள்ள சின்னவளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வலி இல்லை, சொட்டு மருந்து மட்டும் நாளைக்கு நான்கு வேளை. இவர் எழுபது வருடப் பழைய கடிகாரத்தில் கடுகளவு திருகாணி மாட்டுகிற மனிதர். என் கண்ணில் ஒரு சொட்டு விட வரவில்லை. பாதி கன்னத்தில் விடுகிறார், மீதி காதுக்குப் போகிறது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் எதிரில் இவர் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு நீலச் சட்டை போட்டுக்கொண்டா வந்தீர்கள், இது எப்போது வாங்கியது என்று கேட்டேன். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். "இது வெள்ளைச் சட்டைதான். நீதான் ரெண்டு வருஷமா நீலம் போட்டு நீலம் போட்டு இப்படி ஆக்கிட்ட" என்றார். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. புரை பழுப்புக் கண்ணாடி மாதிரி என்றும், வருடக்கணக்கில் மெல்ல ஏறுவதால் ஆளுக்கே தெரியாது என்றும் சொன்னார். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் சுவர், படுக்கை விரிப்பு, டாக்டரின் அங்கி எல்லாமே தேநீர் வடிகட்டிய துணி நிறத்தில் இருந்தன. மாற்றி மூடினால் எல்லாம் வெள்ளை. நான் அங்கேயே உட்கார்ந்து கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தேன். சோப்புக் கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. அவரிடம் இன்னும் போகவில்லை, போக வேண்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் எப்படி இருப்பேன்? தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும், ஐந்தாம் நாள் இவரோடு சண்டை போட்டுப் பட்டறைக்குப் போனேன். வடக்கு ஜன்னலில் டீச்சரம்மாவின் பெட்டியைத் திறந்தேன். டீச்சரம்மாவுடைய டயல் பால். நம் வெள்ளை. வாத்தியாருக்கு நான் செய்து அனுப்பியது, எப்படிச் சொல்ல, இவர் சட்டை.

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று டிராயரைத் திறந்தேன். மூன்று வருடத்துச் சாட்சி வில்லைகள் முப்பத்தெட்டையும் எடுத்து, பின்பக்கத் தேதி பார்த்து, ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தேன். முதல் சில வில்லைகள் பால் நிறம். பிறகு ஏழெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்ததுபோல வெளிறிக்கொண்டே போகிறது. அதாவது என் கண் பழுக்கப் பழுக்க, எல்லாம் மஞ்சளாகத் தெரிந்து, நான் சங்குப் பொடியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். சட்டைக்கு நீலம் விட்டதுபோல. அதுவரைக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு அடுத்த வில்லை திரும்பப் பால் நிறம். அதற்கு அடுத்ததும் பால். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு மாதத்துக்கு மயிரிழை மாறாமல் பால். அப்புறம் கடைசியாகச் சுட்டவை, நீ போன பிறகு சுட்டவை, எல்லாம் ஒரேயடியாக நீலம்.

நடுவில் ஒரே ஒரு வில்லை மட்டும் எதிலும் சேராமல் இருந்தது. பாலும் இல்லை, நீலமும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். ஜாடி முன்னால் நான் உன்னைக் கையும் களவுமாகப் பிடித்த நாளின் தேதி.

இவரைக் கூப்பிட்டேன். தகட்டுக்காரரையும் கூப்பிட்டேன். தகட்டுக்காரர் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் உள்ளே போய் உன் படங்கள் வைத்திருக்கும் பெரிய உறையை எடுத்துவந்து, ஒவ்வொரு தாளையும் அந்தந்த மாதத்து வில்லைக்குக் கீழே வைத்தார். முதல் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி. முதல் நான்கு மாதமும் ஒரு புள்ளிதான். பிறகு இரண்டு, மூன்று. கடைசித் தாளில் ஏழு. "ஒரு புள்ளின்னா ஒரு மருந்துக் கரண்டி பால் பொடி. அடுத்த தடவ மறந்துடக் கூடாதுன்னு குறிச்சு வச்சா" என்றார் இவர். நான் பேனாவைச் சோதித்த கறை என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தது என் கண் கெட்டுப்போன கணக்கு.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டு வருடம் என்னை ஒரு குழந்தையைப்போல நடத்தியிருக்கிறீர்கள் என்று இவரைப் பிடித்து உலுக்கினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் தகட்டுக்காரர் வாயைத் திறந்தார். கண்ணாடி போட்டுப் பாருங்கள் என்று நீ மூன்று முறை என்னிடம் சொன்னாயாம், மூன்று முறையும் என் கண்ணிலா கோளாறு என்று நான் சீறினேனாம். அதற்குப் பிறகு நீ அவரிடம், "அக்காவுக்குக் கண்ணு மேல சந்தேகம் வந்துச்சுன்னா கை நின்னுடும். கை நின்னா அவங்க தாங்க மாட்டாங்க. டாக்டர்கிட்ட போற வரைக்கும் நான் பாத்துக்கறேன், யாரும் சொல்லாதீங்க" என்றாயாம். போன பிறகும் வாரம் தவறாமல் இவருக்குப் போன் செய்து, கூட்டிக்கொண்டு போனீர்களா, கூட்டிக்கொண்டு போனீர்களா என்று அரித்திருக்கிறாய். ஆறு எட்டாகிப் போனது இவருக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய், நானும் மறக்கவில்லை. வரைய வந்தவ வரையறதோட நில்லு, என் வெள்ளையில உன் கை படக் கூடாது என்றேன். அந்த வில்லையின் நிறத்தைப் பார்த்தால் நீ நான்காவது கரண்டியில் இருந்திருக்க வேண்டும். கையில் கரண்டியோடு நின்றாய். அக்கா, உங்களுக்குக் கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. கரண்டியைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாய். நான் உன்னிடம் தப்பாகப் பேசிவிட்டேன், சின்னவளே. முப்பது வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு அதுதான், டயல்கள் இல்லை.

ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். அப்போதுதான் விட்ட மருந்து போய்விட்டது என்று இவர் திரும்பவும் சொட்டு விட வந்தார். அதுவும் காதுக்குத்தான் போனது.

இனி தொழில் விஷயம். நீ பயந்தது நடந்துவிட்டது. கை நின்றுவிட்டது. போன வாரம் முழுவதும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஜாடி முன்னால் உட்கார்ந்தால் எது நம் வெள்ளை என்று எனக்கே நிச்சயம் இல்லை. வலது கண்ணுக்கு உலகமே கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது, பழகிவிடும் என்கிறார் டாக்டர். இடது கண் பழுப்பு. இரண்டுக்கும் நடுவில் நான் எதை நம்புவது? நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, டீச்சரம்மாவின் டயலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கண்ணால் பார்த்து ஒரு கலவை கலந்து ஒரே ஒரு வில்லை சுட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகச் சாட்சி வைத்துக் கலந்தது. சரியாக வந்திருப்பதாகத் தோன்றுகிறது. தோன்றுவதை நம்பித்தானே இவ்வளவும்.

அந்த வில்லையைப் பஞ்சில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். பின்பக்கம் தேதி கீறவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார். எத்தனை புள்ளி என்று எழுது. கடிதம் எழுத மனம் வராவிட்டால் பரவாயில்லை, நான் கேட்கக்கூடிய நிலையில் இல்லை. ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒரு தாளில் புள்ளி மட்டும் வைத்து அனுப்பு. அது வரும்வரை நான் அடுப்பைத் தொடுவதாக இல்லை.

தம்பிக்கு என் அன்பு. குழந்தையை அணைத்துக்கொள்.

இப்படிக்கு,
பெரியவள்


சனிக்கிழமை, காலை

என் அன்புள்ள சின்னவளுக்கு,

உன் உறை புதன்கிழமை வந்தது. நான் ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று எழுதியதற்காக நிஜமாகவே ஒரு வார்த்தையும் இல்லாமல் அனுப்புவாய் என்று எதிர்பார்க்கவில்லை. சொன்னால் சொன்னபடி கேட்கிற இந்தக் குணம் உனக்கு இந்த ஒரு விஷயத்திலா வர வேண்டும்?

தாளின் நடுவில் இரண்டு புள்ளி. பக்கத்தில் ஒரு கிறுக்கல். அந்தக் கிறுக்கல் என்ன என்று இங்கே மூன்று பேருக்கும் பெரிய வாக்குவாதம். அது அரைக் கரண்டி என்றார் தகட்டுக்காரர். நீ யோசித்து நிறுத்திய மூன்றாவது புள்ளி என்றேன் நான். இவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பல்லு. குழந்தை பல்லு விழுந்ததை வரைஞ்சிருக்கா" என்றார். பார்த்தால் பல்தான். இரண்டு கரண்டி மட்டும் போட்டேன்.

அடுப்பைப் பற்றவைத்து, வாத்தியாருக்குப் புது டயல் ஐந்து பூச்சு பூசி, ஐந்து முறை சுட்டேன். மூன்றாவது முறை கதவை நேரத்துக்கு முன்னாலேயே திறந்து பார்த்துவிட்டேன். சூடு கூடிவிட்டதோ என்று பயம். ஆறினதும் டீச்சரம்மாவுடைய டயலையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துத் தகட்டுக்காரரைக் கூப்பிட்டோம். எது புதிது என்று கேட்டோம். அவர் இரண்டு முறை தப்பாகச் சொன்னார். இவர் பொருத்தி முடித்ததும் வியாழக்கிழமையே ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினோம். நேற்று டீச்சரம்மா போனில் பேசினார். இப்போது எது யாருடையது என்று தெரியவில்லையாம், வாத்தியாருடைய வாரில் ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறாராம். எது உங்கள் வெள்ளை என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் என் கதி என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நன்றி என்று மட்டும் சொன்னேன்.

நீ போன பிறகு வெளியே போன நீலக் கடிகாரம் இருபத்தாறு. எல்லாருக்கும் உண்மையை எழுதி, வேண்டுமென்றால் டயலை மாற்றித்தருகிறோம் என்று கடிதம் போட்டோம். இதுவரை பதினோரு பதில் வந்திருக்கிறது. நான்கு பேர் மாற்றச் சொன்னார்கள். மீதிப் பேர் அந்த நீலம் பிடித்துத்தான் வாங்கினோம், தயவுசெய்து கை வைக்காதீர்கள் என்கிறார்கள். இன்னொன்று அதே நிறத்தில் கிடைக்குமா என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். என் புரைக்கு இரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று இவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அந்த நிறத்துக்குத் தாளில் நீ ஏதாவது வரைந்தால் அதையும் செய்து பார்க்கலாம். அளவு தெரியுமே, ஏழு கரண்டியைக் குறைத்தால் போதும்.

சோப்புக் கடைக்காரரிடமும் போய்வந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டு மூன்று சோப்பு வாங்கினேன். எளிதாகத்தான் இருந்தது. அவரிடம் சொல்ல வந்தது உன்னிடம் சொல்ல ஏன் எட்டு மாதமும் ஒரு ஆபரேஷனும் ஆயின என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

இடது கண்ணுக்கு அடுத்த வாரம் விட்டு அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை பழைய உலகம் ஒரு பக்கம் இருக்கிறது. நேற்று வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நீ நான்கு கரண்டியோடு நிறுத்திய அந்த வில்லையை எடுத்துப் பார்த்தேன். என்ன சொல்ல, மஞ்சளாகத்தான் தெரிகிறது. யாரோ பால் பொடியைக் கொட்டிக் கெடுத்துவிட்டதுபோல. அந்தக் கண்ணால் பார்த்தால் இன்றைக்கும் நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கண்ணின் புரையைச் சீக்கிரம் எடுத்துவிடச் சொன்னேன்.

அந்த வில்லையை டிராயரில் திரும்பப் போடவில்லை. என் மேசை மேல் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்.

இப்போது நான் கேட்க வந்தது. புள்ளி வைத்து அனுப்பினால் வெள்ளை சரியாகிவிடுகிறது, பார்த்துவிட்டோம். ஆனால் புள்ளியோடு நான் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பது? தம்பியின் வேலை அங்கே, குழந்தையின் பள்ளிக்கூடம் அங்கே, எல்லாம் எனக்குத் தெரியும். நிரந்தரமாக வா என்று கேட்கும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்காவது வா. பத்து நாள் இரு. சொட்டு மருந்தைக் கண்ணில் விடத் தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருவரும் இல்லை. கட்டைப் பிரிக்கும்போது இரண்டு கண்ணாலும் முதலில் பார்ப்பது இவர் சட்டையாக இருக்க வேண்டாம். அதை நான் எத்தனை முறை அலசியும் நீலம் போகவில்லை.

குழந்தையின் பல் படத்தை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவளுக்கு எல்லா நலமும் கிடைக்கட்டும். உன் கண்ணும் கையும் எப்போதும் நன்றாக இருக்கட்டும். யாரும் கேட்காமலே யாருக்கும் சொல்லாமலே நல்லது செய்கிற அந்தக் கை.

வந்தால் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்று, குழாயடியில் இரண்டு முறை கையைக் கழுவு. பதினோரு வருடமாக அதைத்தான் சொல்லி உன்னை விரட்டினேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். கழுவிய கையோடு நேராக உள்ளே வந்து, என்னைக் கேட்காமல் ஜாடியைத் திற.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா